எடை குறைப்பு ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி? வட சென்னைக்காரங்க விசாரிக்க வேண்டிய விஷயங்கள்

2024 ஏப்ரல்ல புதுச்சேரியை சேர்ந்த 26 வயசு பையன் ஒருத்தர் எடையை குறைக்கணும்னு சென்னை புறநகர்ல இருக்க ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனார், ஆபரேஷன் டேபிள்லயே நிலைமை மோசமாகி அவரை காப்பாத்த முடியல. அரசு விசாரணை வெச்சாங்க, அந்த ஆஸ்பத்திரியோட உரிமத்தை தற்காலிகமா நிறுத்தவும் செஞ்சாங்க. அந்த செய்திக்கு அப்புறம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் யார் வீட்லயாவது பேரியாட்ரிக் சர்ஜரின்னு, அதாவது எடை குறைப்பு ஆபரேஷன்னு பேச்செடுத்தா "வேணாம்பா, உசுரு போயிடும்"னு பெரியவங்க ஒரே போடா போட்டுடறாங்க. இன்னொரு பக்கம் ஃபோன்ல பாத்தா "மூணு நாள்ல வீட்டுக்கு போயிடலாம், ஆறு மாசத்துல 30 கிலோ"ன்னு விளம்பரம் வந்துட்டே இருக்கு. நிஜமாவே இந்த ஆபரேஷன் தேவைப்படுற ஒருத்தர் இந்த ரெண்டையும் வெச்சுகிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

ரிஸ்க் எவ்ளோன்னு முதல்ல பாத்துடலாம். அமெரிக்கால 10 சென்டர்ல முதல் தடவையா இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 4,776 பேரை பின்தொடர்ந்து 2009ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, அதுல 30 நாளுக்குள்ள இறந்தவங்க 0.3 சதவீதம், அதாவது 1000 பேர்ல 3 பேர். ரொம்ப குண்டா, ஷுகர், பிபி, குறட்டை எல்லாம் சேந்து இருக்கறவங்களுக்கு வயித்துல பண்ற பெரிய ஆபரேஷன்னு பாத்தா இது கம்மிதான். ஆனா அது இந்த ஆபரேஷனையே முழு வேலையா பண்ணிட்டிருந்த, கணக்கெல்லாம் ஒழுங்கா எழுதி வெச்ச சென்டர்கள்ல எடுத்த நம்பர். அதே நம்பர் எல்லா நர்சிங் ஹோமுக்கும் பொருந்தும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் இந்த கட்டுரைல சொல்ல வர்றது இதைத்தான், ரிஸ்க்குங்கறது ஆபரேஷன் பேர்ல பாதி இருக்குன்னா மீதி பாதி அதை எங்க, யார் பண்றாங்க, பண்ணி முடிச்ச அப்புறம் உங்களை யார் பாத்துக்கறாங்கங்கறதுல இருக்கு.

2013ல மிச்சிகன்ல இன்னொரு ஆய்வு பண்ணாங்க. 20 சர்ஜன்கள் எடை குறைக்க தாங்க பண்ண இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் வீடியோ ஒண்ணு ஒண்ணு குடுத்தாங்க, பேர் தெரியாம அதை மத்த சர்ஜன்கள் பாத்து கைத்திறமைக்கு மார்க் போட்டாங்க. கடைசி கால்வாசில வந்த சர்ஜன்களோட பேஷண்டுகளுக்கு சிக்கல் வந்தது 14.5 சதவீதம், முதல் கால்வாசில வந்தவங்களுக்கு 5.2 சதவீதம். எல்லாருமே படிச்சு தேறினவங்கதான், எல்லாருமே இந்த ஆபரேஷனை பண்ணிட்டிருந்தவங்கதான், இருந்தும் கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம். திறமை அதிகமா இருந்தவங்க வருஷத்துக்கு பண்ற கேஸும் அதிகமா இருந்துச்சு. அதனால "எல்லா டாக்டரும் ஒண்ணுதான், கம்மியா எங்க பண்றாங்களோ அங்க போலாம்"னு நினைக்கறது இந்த விஷயத்துல ரொம்ப ஆபத்து.

சரி, இந்த ஆபரேஷன் யாருக்கு? பிஎம்ஐன்னு ஒரு கணக்கு, கிலோல எடையை மீட்டர்ல இருக்க உயரத்தால ரெண்டு தடவை வகுக்கணும். அஞ்சடி மூணு அங்குலம், அதாவது 160 சென்டிமீட்டர் உயரம், 90 கிலோ எடைன்னா பிஎம்ஐ 35 வரும். 1991ல அமெரிக்கால போட்ட பழைய விதிப்படி 40க்கு மேல, இல்லன்னா 35க்கு மேல கூடவே ஷுகர் மாதிரி வியாதி இருந்தா பண்ணலாம். 2022ல ரெண்டு பெரிய சர்வதேச சர்ஜன் சங்கங்கள் சேந்து அதை மாத்தினாங்க, 35க்கு மேல இருந்தா வேற வியாதி இல்லாட்டியும் பண்ணலாம், 30க்கு மேல ஷுகர் மாதிரி பிரச்சனை இருந்தா யோசிக்கலாம், நம்மள மாதிரி ஆசியாக்காரங்களுக்கு 27.5லேர்ந்தே பேசலாம்னு. காரணம் நம்ம உடம்புல அதே எடைக்கு வயித்து கொழுப்பும் ஷுகரும் சீக்கிரமே வந்துடுது. தமிழ்நாட்டுல 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல பொம்பளைங்கள்ல 40.4 சதவீதம் பேரும் ஆம்பளைங்கள்ல 37 சதவீதம் பேரும் எடை கூடி இருக்காங்கன்னு வந்துச்சு. அவங்க எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைன்னு இல்ல, பெரும்பாலானவங்களுக்கு தேவையே இல்ல. ஆனா ஆபரேஷன் விக்கறவங்களுக்கு மார்க்கெட் எவ்ளோ பெருசுன்னு இதுலேர்ந்து புரிஞ்சுக்கலாம். 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு 68 கிலோ இருக்க பொண்ணை, ஷுகர் கிடையாது பிபி கிடையாது, கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்லீவ்ங்கற இரைப்பையை வெட்டற ஆபரேஷன் பண்ணிக்கோன்னு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க.

ஆபரேஷன் வகைகளை கொஞ்சமாவது தெரிஞ்சிட்டு போனாத்தான் டாக்டர் முன்னாடி சரியான கேள்வி கேக்க முடியும். இப்ப அதிகமா பண்றது ஸ்லீவ், இரைப்பைல முக்காவாசிக்கு மேல, 75லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி வெளிய எடுத்துடுவாங்க, மீதி ஒரு வாழைப்பழ சைஸுக்கு நீட்டமா நிக்கும். பசியை தூண்டுற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்கறது வெட்டி எடுக்கற அந்த பகுதிலதான், அதனால பசியும் குறையும். வெட்டி எடுத்ததை திரும்ப வெக்க முடியாது. ஸ்லீவோட பெரிய குறை நெஞ்செரிச்சல், ஏற்கனவே எதுக்களிக்கறவங்களுக்கு இது இன்னும் மோசமாகலாம், சில பேர் கொஞ்ச வருஷம் கழிச்சு அதுக்காகவே இன்னொரு ஆபரேஷனுக்கு போக வேண்டி வருது. அடுத்தது பைபாஸ், இரைப்பையோட மேல் பக்கத்துல சின்னதா, சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு பை பண்ணி அதை சிறுகுடலோட நேரா இணைக்கறது, இதுல ரெண்டு இணைப்பு வரும். ஷுகருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இது நல்லது, ஆனா சத்து உறிஞ்சறது குறையும், இணைப்புல அல்சர் வரலாம், வருஷங்கள் கழிச்சு கூட உள்ளுக்குள்ள குடல் சிக்கிக்கலாம். மினி பைபாஸ்னு ஒரே இணைப்புல பண்றதும் நம்ம நாட்டுல நிறைய நடக்குது, சீக்கிரம் முடியும், எடை நல்லா குறையும், ஆனா பித்தம் மேல ஏறுற பிரச்சனையும் சத்து குறைபாடும் ஜாஸ்தி.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஸ்லீவ் மட்டும்தான் பண்ண தெரிஞ்ச ஒரு இடத்துக்கு போனா அங்க எல்லாருக்கும் ஸ்லீவ்தான் சரின்னு சொல்லுவாங்க. உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருக்கான்னு கேக்காம, எண்டோஸ்கோபி பண்ணி இரைப்பை மேல ஏறியிருக்கா, புண்ணு இருக்கா, எச் பைலோரி கிருமி இருக்கான்னு பாக்காம முதல் நாளே ஸ்லீவ்னு முடிவு பண்ற இடம்னா வேற ஒருத்தர்கிட்ட ஒப்பீனியன் எடுங்க, இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன். எடை குறைக்கற ஊசி மருந்து பத்தியும் நல்ல டாக்டர் அவரே பேச்செடுப்பார். 2025 மார்ச்ல மவுஞ்சாரோவும் ஜூன்ல வெகோவியும் இந்தியாவுக்கு வந்தாச்சு, பிஎம்ஐ கொஞ்சம் கம்மியா இருக்கறவங்களுக்கு அது போதுமா, இல்ல ஆபரேஷன்தான் வேணுமான்னு உக்காந்து பேசணும், ஊசியை நிறுத்தினா எடை திரும்ப ஏறும்ங்கறதையும் சேத்து சொல்லணும். அப்புறம் லைபோசக்ஷன்ங்கறது தோலுக்கு அடில இருக்க கொழுப்பை உறிஞ்சி எடுக்கறது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஷுகர் கிகர் எதுவும் அதனால குறையாது. ஒரு பியூட்டி கிளினிக் ரெண்டையும் ஒரே நோட்டீஸ்ல போட்டிருந்தா ஒதுங்கிக்கோங்க.

டாக்டரோட படிப்பை எப்படி பாக்கறது? எம்எஸ் ஜெனரல் சர்ஜரி அடிப்படை. அதுக்கு மேல மூணு வருஷம் எம்சிஎச் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ, அதாவது இரைப்பை குடல் ஆபரேஷனுக்கான மேல்படிப்பு படிச்சவங்க இருக்காங்க, சின்ன ஓட்டை போட்டு பண்ற லேப்ராஸ்கோபில ரெண்டு வருஷ ஃபெல்லோஷிப் முடிச்சவங்க இருக்காங்க, சில நாள்ல முடியற கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் மாட்டி வெச்சவங்களும் இருக்காங்க. போர்டுல எல்லாமே எழுத்துக்களாத்தான் தெரியும், அதனால "இந்த ஆபரேஷனை எங்க கத்துக்கிட்டீங்க சார், எத்தனை வருஷம்"னு நேராவே கேக்கலாம், தப்பே இல்ல. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்டர்ல பேர் போட்டு பதிவு இருக்கான்னு பாக்கலாம். அடுத்த கேள்வி வருஷத்துக்கு எத்தனை பேருக்கு பண்றீங்க. அமெரிக்கால முழு அங்கீகாரம் வேணும்னா ஒரு சென்டர் வருஷத்துக்கு குறைஞ்சது 50 கேஸ் பண்ணியிருக்கணும்னு வெச்சிருக்காங்க, நம்ம ஊர்லயும் அதை ஒரு அளவா வெச்சுக்கலாம். மாசத்துக்கு ஒண்ணு கூட பண்ணாத இடத்துல ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) நர்ஸுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் கூட பழக்கம் இருக்காது, சர்ஜன் மட்டும் தேர்ந்தவரா இருந்து பிரயோஜனம் இல்ல.

மூணாவதா ஒரு கேள்வி, அதை கேக்கத்தான் நம்ம ஆளுங்க கூச்சப்படறாங்க. "உங்க பேஷண்டுல லீக் ஆனவங்க எத்தனை பேர் சார், அவங்களுக்கு என்ன பண்ணீங்க?" ஸ்டேப்ளர் போட்ட இடத்துல கசிவு வர்றதைத்தான் லீக்னு சொல்றாங்க, நல்ல கைகள்ல கூட 100ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரலாம். நிறைய பண்ணவர் யாரா இருந்தாலும் ஒரு லீக்காவது பாத்திருப்பார், "எனக்கு ஒண்ணு கூட வந்ததில்ல"ன்னு சொன்னா ஒண்ணு அவர் ரொம்ப கம்மியா பண்ணியிருக்கார், இல்ல பேஷண்டுங்க பிரச்சனை வந்து வேற எங்கயோ போய் சேந்தது அவருக்கு தெரியல. நின்னு பதில் சொல்றவர், எந்த நாள்ல கண்டுபிடிச்சேன், கசிவை மூட ஸ்டென்ட்னு ஒரு குழாய் வெச்சேனா, திரும்ப ஓப்பன் பண்ணேனா, எத்தனை நாள் ஐசியூல இருந்தாங்கன்னு விவரமா சொல்றவர், அவரை நம்பலாம்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும். நம்ம ஊர்ல சர்ஜன்கள் ஒரே இடத்துல உக்காந்து வேலை பாக்கறது கம்மி, காலைல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, சாயந்திரம் ரெண்டு நர்சிங் ஹோம்னு போய்ட்டு வருவாங்க. பெரிய இடத்துல சொன்ன தொகையை கேட்டு நம்ம முகம் வாடினதும் "அவ்ளோ முடியலன்னா வேற ஒரு இடத்துல பாதி காசுல பண்ணித்தரேன், நான்தான் பண்ணப்போறேன், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லுவாங்க. கேக்க நிம்மதியா இருக்கும். டாக்டர் அதேதான், ஆனா அந்த கட்டடத்துல வென்டிலேட்டர் எத்தனை இருக்கு, ராத்திரி தங்கற மயக்க மருந்து டாக்டர் இருக்காரா, ஐசியூ நிஜமாவே ஐசியூதானா இல்ல மானிட்டர் மாட்டின ஒரு ரூமா, ரத்தம் வேணும்னா எங்கேர்ந்து வரும், ஓ.டி. டேபிளும் சிடி ஸ்கேனும் 150 கிலோவை தாங்குமா, இதெல்லாம் மாறிடுச்சு. ரொம்ப குண்டா இருக்கறவங்களுக்கு மயக்க மருந்து குடுக்கறதும் மூச்சுக்குழாய் போடறதும் தனி வேலை, படுத்தாலே மூச்சு முட்டற ஆளுக்கு ரெண்டு நிமிஷம் ஆக்சிஜன் போகலன்னாலே உசுருக்கு ஆபத்து. அதனால மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு கேளுங்க. காலைல ஓ.டி. வாசல்ல முதல் தடவையா அவர் முகத்தை பாக்கற நிலைமை வேணவே வேணாம்.

இப்ப வட சென்னைக்கே உரிய கஷ்டத்துக்கு வரேன். பேரியாட்ரிக்னு தனி டீம் வெச்சிருக்க பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிங்க பெரும்பாலும் கிரீம்ஸ் ரோடு, வடபழனி, ஓஎம்ஆர், பெரும்பாக்கம்னு அந்த பக்கமாவே இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஸ்லீவ்ல லீக் அந்த மூணு நாளைக்குள்ள வராம, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வர்றது சகஜம். எண்ணூர்லயோ மணலிலயோ இருக்க ஒருத்தருக்கு ராத்திரி 2 மணிக்கு ஜுரம், வயித்து வலி, இடது தோள்பட்டைல வலி, நாடித்துடிப்பு 120க்கு மேல ஓடுது, மூச்சு வாங்குதுன்னா எங்க போறது? ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கற ரோட்ல எவ்ளோ நேரம் ஆகும்? மழை காலத்துல வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைல தண்ணி நின்னா சுத்தி போகணும். பக்கத்துல இருக்க சின்ன கிளினிக்குக்கு போனா வாயு தொல்லைன்னு நினைச்சு ஒரு ஊசி போட்டு அனுப்பிடுவாங்க, குண்டா இருக்கறவங்களுக்கு வயிறு இறுகாமலே உள்ள சீழ் பிடிச்சிருக்கும், தொட்டு பாத்தா தெரியாது. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நாடித்துடிப்பு வேகமா ஓடறதைத்தான் முதல் எச்சரிக்கையா எடுத்துக்கணும்.

அதுக்காக தூரத்துல போய் பண்ணிக்காதீங்கன்னு நான் சொல்லல. பக்கத்துல இருக்குங்கற ஒரே காரணத்துக்காக அனுபவம் இல்லாத இடத்துல பண்ணிக்கறது அதைவிட மோசம். தூரம் போறதா இருந்தா, ராத்திரி யாருக்கு ஃபோன் பண்ணணும், அது டாக்டரோட நம்பரா இல்ல ரிசப்ஷன் நம்பரா, எடுக்கறவங்களுக்கு உங்க கேஸ் தெரியுமா, அந்த நேரத்துல சிடி ஸ்கேன் எடுப்பாங்களா, பெட் இல்லன்னு சொல்ல மாட்டாங்களான்னு அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. முடிஞ்சா டிஸ்சார்ஜ் ஆகி முதல் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரிக்கு பக்கத்துல இருக்க சொந்தக்காரங்க வீட்ல தங்கிக்கோங்க, சின்னம்மா வீடு கோடம்பாக்கத்துல இருந்தா கூச்சப்படாம போய் இருங்க. அந்த நம்பர் நிஜமா வேலை செய்யுதான்னு ஆபரேஷனுக்கு முந்தின வாரமே ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கூப்பிட்டு பாருங்க.

அவசரப்படுத்தற இடத்தை சந்தேகப்படுங்க. "மேடம், இந்த வாரம் புக் பண்ணா ஆஃபர் இருக்கு, சாருக்கு வியாழக்கிழமை ஸ்லாட் காலியா இருக்கு"ன்னு கோஆர்டினேட்டர் பொண்ணு திரும்ப திரும்ப கால் பண்ணுவாங்க, பாவம் அவங்களுக்கு டார்கெட் இருக்கும். ஆனா ஒழுங்கா பண்ற இடத்துல முதல் விசிட்டுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல சில வாரமாவது போகும், ஏன்னா எண்டோஸ்கோபி, எக்கோ, தைராய்டு, மூணு மாச ஷுகர் சராசரி, வைட்டமின் பி12, டி, குறட்டை விடறவங்களுக்கு ராத்திரி தூக்க டெஸ்ட், அதுல மோசமா வந்தா தூங்கும்போது மூச்சுக்கு காத்து தள்ற சிபாப் மெஷின் மாட்டி பழகணும், சிகரெட் பீடி பிடிக்கறவங்க நிறுத்தணும், ஒரு மனநல டாக்டர் உக்காந்து பேசணும். கல்லீரல் கொழுப்பு சேந்து பெருசா இருந்தா இரைப்பையை மறைக்கும்னு ரெண்டு வாரம் கலோரி குறைச்ச டயட்டும் குடுப்பாங்க. மனநல டாக்டர் எதுக்குன்னு நிறைய பேர் கோவப்படறாங்க. மன அழுத்தம் வந்தா சாப்பாட்டுல போய் விழற பழக்கம், குடி பழக்கம் இதெல்லாம் ஆபரேஷன்ல வெட்டி எடுக்கறதில்ல, அதை யாரும் முன்னாடியே கவனிக்கலன்னா ரெண்டு வருஷத்துல எடை மறுபடி ஏறும்.

காசு விஷயம். பேக்கேஜ்னு ஒரு ரவுண்டு தொகை சொல்லுவாங்க, அதுல எது இருக்குன்னு கேக்கறதை விட எது இல்லன்னு கேளுங்க. ஐசியூல கூட ஒரு நாள் இருந்தா யார் காசு? லீக் வந்து திரும்ப ஓ.டி.க்கு போனா அது பேக்கேஜ்ல வருமா, புது பில்லா? இதுல செலவு அதிகமா போறது ஸ்டேப்ளர்ல மாட்டற பின் கட்டுக்கு, அதாவது கார்ட்ரிட்ஜுக்கு, ஒரு ஸ்லீவுக்கு அஞ்சு ஆறு கார்ட்ரிட்ஜ் போகும், ஒவ்வொண்ணும் ஒரு தடவைக்குத்தான், ஒருத்தருக்கு போட்டதை இன்னொருத்தருக்கு போடவே கூடாது. எந்த கம்பெனி, எத்தனை போடுவாங்கன்னு முன்னாடியே கேட்டு, அதோட ஸ்டிக்கரை கேஸ் ஷீட்ல ஒட்டி ஜெராக்ஸ் குடுங்கன்னு சொல்லுங்க. ஒளிக்க எதுவும் இல்லாத இடத்துல இதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க.

இன்சூரன்ஸ் இருக்கவங்க டாக்டர் சொல்ற பிஎம்ஐயை மட்டும் நம்பி இருக்காதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்களை கண்காணிக்கற ஐஆர்டிஏஐ போட்ட பொது விதிப்படி வயசு 18 முடிஞ்சிருக்கணும், டாக்டர் எழுதி குடுத்திருக்கணும், பிஎம்ஐ 40 இருக்கணும், இல்லன்னா 35 இருந்து கூடவே இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத டைப் 2 ஷுகர் இதுல ஒண்ணு இருந்து, டயட் உடற்பயிற்சி மாதிரி மத்த வழில முயற்சி பண்ணியும் குறையாம இருந்திருக்கணும். இதுக்குள்ள வரலன்னா கம்பெனி க்ளைமை மறுக்கலாம். அதாவது 32 பிஎம்ஐ இருக்கவருக்கு ஆபரேஷன் மருத்துவ ரீதியா சரியா இருந்தாலும் காசு கைலேர்ந்துதான் போகும். சில ஆஸ்பத்திரில "எடையை கொஞ்சம் கூட்டி எழுதிக்கலாம், கேஷ்லெஸ் வாங்கித்தரோம்"னு சொல்றதும் நடக்குது. ஒத்துக்காதீங்க, அது மோசடி, மாட்டினா பாலிசியே போயிடும், அதைவிட முக்கியமா உங்க எடையை பேப்பர்ல மாத்தற இடம் உங்க லீக்கையும் பேப்பர்ல மறைக்கும்.

காசு இல்லாதவங்க கடன் வாங்கி நர்சிங் ஹோமுக்கு ஓடறதுக்கு முன்னாடி அரசு ஆஸ்பத்திரியை பாத்துடணும். சென்ட்ரலுக்கு எதிர்ல இருக்க ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைலயும், நம்ம ஸ்டான்லிலயும் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோவுக்குன்னே தனி துறை இருக்கு, குடல், கல்லீரல், இரைப்பைன்னு தினமும் பெரிய ஆபரேஷன் பண்ற கைகள் அங்க இருக்கு, ராத்திரி எத்தனை மணிக்கு போனாலும் டாக்டர் இருப்பாங்க. ஓ.பி.ல க்யூ நிக்கணும், காத்திருக்கணும், கழிவறை பத்தி குறை சொல்லலாம், அதெல்லாம் உண்மைதான். ஆனா வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை ஆளுங்களுக்கு ஸ்டான்லி கைக்கெட்டற தூரம், அந்த ஒரு காரணத்துக்காகவே அங்க போய் ஒரு ஒப்பீனியன் கேக்கறது அவசியம்னு நான் நினைக்கறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வெச்சிருக்கவங்க அதை எடுத்துட்டு போய் அங்கயே காப்பீட்டு கவுண்டர்ல விசாரிச்சுக்கலாம்.

ஆபரேஷனுக்கு அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பிக்குது, அங்கதான் நிறைய இடங்கள்ல கை கழுவிடறாங்க. முதல்ல வெறும் தண்ணி மாதிரி திரவம், அப்புறம் கெட்டியான திரவம், அப்புறம் மசிச்சது, அப்புறம் மென்மையான சாப்பாடுன்னு வாரக்கணக்குல போகணும், அதுக்கப்புறமும் தினமும் 60லேர்ந்து 80 கிராம் புரதம் உள்ள போயாகணும். டயட்டீஷியன் குடுக்கற பேப்பர்ல டோஃபு, கிரீக் யோகர்ட்னு இருந்தா அதை வெச்சு எருக்கஞ்சேரில இருக்க ஒரு அம்மா என்ன பண்ணுவாங்க? காசிமேடு மீன், முட்டை வெள்ளை, தயிர், சுண்டல், பருப்புன்னு நம்ம வீட்ல இருக்கறதை வெச்சு, எந்த வாரத்துல மீனை மசிச்சு சாப்பிடலாம், எப்ப முள்ளு எடுத்து துண்டா சாப்பிடலாம், சோறு எப்பேர்ந்து எவ்ளோன்னு சொல்லித்தர்ற டயட்டீஷியன் இருக்காங்களான்னு பாருங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே அவங்களை ஒரு தடவை சந்திச்சு வீட்ல என்ன சமைக்கறோம்னு சொல்லிடுங்க.

மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. மல்டி வைட்டமின், பி12, இரும்புச்சத்து, கால்சியம், டி, இதை ஒரு வருஷம் போட்டுட்டு நிறுத்தினா ரத்தசோகையும் கை கால் மரத்து போறதும் எலும்பு தேயறதும் மெதுவா வரும். விடாம வாந்தி எடுத்தா பி1 குறைஞ்சு மூளையே பாதிக்கப்படலாம், அதை "போக போக சரியாயிடும்"னு விடக்கூடாது. ஷுகர் மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவுலயே போட்டா ஷுகர் ரொம்ப இறங்கி மயக்கம் போட்டுடுவாங்க, அதனால டிஸ்சார்ஜ் அன்னிக்கே எதை நிறுத்தணும் எதை பாதி பண்ணணும்னு எழுதி குடுக்கணும், உங்க ஷுகர் டாக்டர்கிட்ட சர்ஜன் பேசணும். ஹார்பர்ல, குடோன்ல மூட்டை தூக்கற வேலை பாக்கறவங்க உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்புல போய் ரெண்டு வலி மாத்திரை வாங்கி போட்டுக்கற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப சகஜம், பைபாஸ் பண்ணவங்களுக்கு அது இணைப்புல அல்சர் வரவெச்சு ஓட்டையே விழலாம், அவங்க அதை தொடவே கூடாது. பைபாஸுக்கு அப்புறம் சாராயம் ரத்தத்துல வேகமா ஏறும், முன்னாடி தாங்கின அளவு இப்ப தாங்காது. கல்யாணமான பொண்ணுங்க ஒரு வருஷத்துலேர்ந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் குழந்தையை தள்ளி போடணும், இதை மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூட வெச்சு டாக்டரே சொன்னா நல்லது, இல்லன்னா அந்த பொண்ணு தனியா நின்னு பதில் சொல்ல வேண்டி வரும். இந்த பேச்செல்லாம் முதல் ரெண்டு விசிட்லயே எந்த இடத்துல வருதோ அந்த இடத்துல ஃபாலோ அப்பும் ஒழுங்கா இருக்கும். ஒரு வருஷம் வரைக்கும் எத்தனை விசிட், அதுக்கப்புறம் வருஷா வருஷம் ரத்த டெஸ்டுக்கு கூப்பிடுவாங்களா, அதுக்கு தனியா எவ்ளோன்னு கேட்டுக்கோங்க.

"நம்ம ஏரியா டாக்டர்தான் அங்க அனுப்பினார்"னு நம்பி போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பேஷண்டை அனுப்பி வெச்சா கமிஷன் வாங்கறதும், டாக்டர் தன்னை விளம்பரப்படுத்தி ஆள் பிடிக்கறதும் 2002ல வந்த மருத்துவ நெறிமுறை விதிப்படி தப்பு. இருந்தும் ஏஜென்ட் சுத்திட்டேதான் இருக்காங்க. அனுப்பறவர்கிட்ட "நீங்க அனுப்பினவங்கள்ல ரெண்டு வருஷம் முடிஞ்சவங்க யார்கிட்டயாவது பேச முடியுமா டாக்டர்"னு கேளுங்க. ஆறு மாசத்துல எல்லாருமே சந்தோஷமா ஃபோட்டோ போடுவாங்க, அப்ப எடை இறங்கிட்டே இருக்கும். ரெண்டாவது மூணாவது வருஷத்துல பேசறவங்கதான் முடி கொட்டினது, பித்தப்பைல கல்லு வந்தது, தோல் தொங்கறது, கொஞ்சம் எடை திரும்பினது, அப்ப அந்த ஆஸ்பத்திரி ஃபோனை எடுத்துச்சா இல்லையாங்கறது எல்லாத்தையும் சொல்லுவாங்க.

கையெழுத்து போடற பேப்பர் இங்கிலீஷ்ல இருந்தா தமிழ்ல கேளுங்க, இல்லன்னா ஒருத்தர் உக்காந்து வரி வரியா சொல்லணும். 2008ல சுப்ரீம் கோர்ட் ஒரு டெல்லி டாக்டர் வழக்குல தெளிவாவே சொல்லியிருக்கு, ஒரு சிகிச்சைக்கு வாங்கின சம்மதத்தை வெச்சு வேற ஒண்ணை பண்ண முடியாது, என்ன பண்ணப்போறோம், என்ன ஆபத்து, வேற வழி என்னன்னு புரியற மாதிரி சொல்லணும்னு. ஸ்லீவ்னு சொல்லி கூட்டிட்டு போய் உள்ள பாத்துட்டு பைபாஸா மாத்திட்டோம்ங்கறது முன்னாடியே பேசி எழுதியிருந்தாத்தான் சரி.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி மட்டும் வாங்கிட்டு வராதீங்க, ஆபரேஷன் நோட்டையும் கேளுங்க, என்ன ஆபரேஷன், எவ்ளோ நீளம் குடலை விட்டு இணைச்சாங்க, எந்த ஸ்டேப்ளர்ங்கறது அதுல இருக்கும். அப்பவே குடுக்கலன்னா எழுதி குடுத்து கேளுங்க, கேட்டு 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவ பதிவை குடுக்கணும்னு அதே 2002 விதி சொல்லுது. ஜெராக்ஸ் ரெண்டு எடுத்து ஒண்ணை வீட்ல இருக்க பெரிய பொண்ணுகிட்டயோ தம்பிகிட்டயோ குடுத்து வைங்க, ஃபோட்டோ எடுத்து எல்லாரோட ஃபோன்லயும் போட்டு வைங்க. பல வருஷம் கழிச்சு திடீர்னு வயித்து வலின்னு ஸ்டான்லி எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போற ராத்திரில, அங்க இருக்க ட்யூட்டி டாக்டருக்கு உள்ள என்ன பண்ணியிருக்குன்னு அந்த ஒரு பேப்பர்லேர்ந்துதான் தெரியும்.